சின்னக் குழந்தைகளோடு வீடு மாறுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாணமாகி 8 வருடத்தில் நான்கு முறை வீடு மாறியிருக்கிறோம். மூன்று முறை சென்னைக்குள்ளேயே. நான்காவது போன மே மாதம், அயனாவரத்திலிருந்து கோயம்புத்தூருக்கு. அப்போது பெரியவளுக்கு 6 வயது, சின்னவனுக்கு ஒன்றே முக்கால். அதற்குப் பிறகு தோழிகள், சொந்தக்காரர்கள், மகளின் பழைய வகுப்புத் தோழிகளின் அம்மாக்கள் என்று யார் வீடு மாறினாலும் எனக்கு ஒரு போன் வருகிறது. கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

நான்கு முறையும் பட்டுத் தெரிந்துகொண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பீரோவும் கட்டிலும் எப்படியும் வந்து சேர்ந்துவிடும். குழந்தை எழுவது, சாப்பிடுவது, குளிப்பது, தூங்குவது என்று ஒரு நாளுக்கு இருக்கும் ஒழுங்கை மட்டும் எந்த லாரிக்காரரும் ஏற்றிக்கொண்டு வரமாட்டார். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அதைச் சுற்றித்தான் இருக்கும்.

குழந்தையிடம் எப்போது சொல்வது?

பள்ளி போகும் குழந்தையிடம், அட்வான்ஸ் கொடுத்து வீடு முடிவான அன்றே சொல்லிவிடுங்கள். அதற்கு முன்னால் வேண்டாம். வீடு தேடும்போது பத்து இடம் பார்ப்போம். மொட்டை மாடி இருந்த வீட்டைக் குழந்தை மனதுக்குள் தன் வீடாக்கிக்கொள்ளும், நாம் வாடகை கட்டுப்படியாகவில்லை என்று வேறு வீட்டை முடித்திருப்போம்.

முடிவான பிறகு மறைப்பது தவறு. மூன்றாவது முறை நாங்கள் மாறியபோது, மகனுக்குக் கல்யாணம் என்று ஹவுஸ் ஓனர் வீட்டைக் கேட்டிருந்தார். இரவு சமையலறையில் நானும் கணவரும் பேசியதைப் பெரியவள் கேட்டிருக்கிறாள். நான்கு நாள் கழித்து, "நான் செவுத்துல கிறுக்குனதுக்காத்தான் போகச் சொல்றாங்களாம்மா?" என்று கேட்டாள். நான்கு நாள் அதை மனதில் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போய் வந்திருக்கிறது அந்தப் பிள்ளை. அதனால், ஏன் மாறுகிறோம் என்ற காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்பாவுக்கு வேலை அங்கே, இந்த வீடு நமக்குச் சின்னதாகிவிட்டது, எதுவாக இருந்தாலும் சரி.

இரண்டு வயதுக் குழந்தைக்கு அடுத்த மாதம் என்பதெல்லாம் புரியாது. கிளம்புவதற்கு மூன்று நான்கு நாள் முன்னால் சொன்னால் போதும். ஆனால் "டாடா போறோம்" என்று சொல்லாதீர்கள். டாடா போனால் திரும்பி வருவோம் என்றுதான் அது நினைத்துக்கொண்டிருக்கும்.

எந்த மாதம் மாறுவது நல்லது?

ஆடி, மார்கழியில் பெரும்பாலான வீடுகளில் மாற மாட்டார்கள். புரட்டாசியையும் பங்குனியையும் தவிர்ப்பவர்களும் உண்டு. பெரியவர்கள் வருத்தப்படுவார்கள் என்றால் அதை மீற வேண்டிய அவசியமில்லை. அந்த மாதங்களில் டு-லெட் பலகைகள் நிறையத் தொங்கும், நிதானமாகப் பார்த்து வாடகை பேசலாம். பேசி முடித்துவிட்டு ஆவணியிலோ தையிலோ குடி போகலாம்.

பள்ளிப் பிள்ளை இருந்தால் முழுப் பரீட்சை முடிந்து ஜூனில் பள்ளி திறப்பதற்குள் மாறுவதுதான் வசதி. ஆனால் மே மாத வெயிலில் சாமான் ஏற்றும் வீட்டில் குழந்தை சுருண்டுபோகும். விடியற்காலை 5 மணிக்கே ஆட்களை வரச் சொல்லி, 10 மணிக்குள் ஏற்றி முடிக்கப் பாருங்கள். பள்ளி திறப்பதற்கு முந்தின வாரம் மாறாதீர்கள். புது வீடும் புதுப் பள்ளியும் ஒரே வாரத்தில் வந்தால் குழந்தை தாங்காது. இரண்டுக்கும் நடுவே மூன்று வாரமாவது இருக்கட்டும்.

கர்ப்பமாக இருக்கும்போது வீடு மாறக் கூடாது என்கிறார்களே?

பெரியவர்கள் சொல்வதில் ஓய்வு என்ற அக்கறை இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள். பளு தூக்குவது, ஸ்டூல் மேல் ஏறிப் பரண் இறக்குவது, பினாயில் வாசனைக்குள் நிற்பது எதுவும் உங்களுக்கு வேண்டாம். மாறித்தான் ஆக வேண்டும் என்றால் மாறுங்கள். ஸ்கேன், ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளை உங்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது 12 இலக்க ஆர்.சி.ஹெச். எண் கொடுப்பார்கள், பழக்கத்தில் பிக்மி எண் என்போம். பிறப்புச் சான்றிதழுக்கு அது வேண்டும். அதைத் தனியாக எழுதி வைத்துக்கொண்டு, புது ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக் கிராம சுகாதார செவிலியரிடம் காட்டுங்கள்.

பேக்கிங் செய்யும்போது குழந்தைகளின் பொம்மைகளை என்ன செய்வது?

கடைசியில் கட்டுங்கள், முதலில் பிரியுங்கள். நாம் இதற்கு நேர்மாறாகத்தான் செய்வோம். பாத்திரம் இப்போது வேண்டும், பொம்மை அப்புறம் என்று முதல் அட்டைப்பெட்டியே சொப்பு சாமானுக்குப் போய்விடும். அடுத்த பத்து நாள் குழந்தைக்குக் கையில் ஒன்றும் இருக்காது. பெட்டி கட்டுகிற அம்மாவின் கத்தரிக்கோலும் டேப்பும்தான் விளையாட்டுச் சாமான் ஆகும்.

ஆளுக்கு ஒரு பை கொடுங்கள். எங்கள் வீட்டில் பெரியவளுக்குப் பழைய பள்ளிப் பை, சின்னவனுக்கு ஒரு ஜவுளிக்கடைக் கட்டைப்பை. அதில் என்ன போடுவது என்பது அவர்கள் இஷ்டம். பெரியவள் தன் கலர் பென்சில்களோடு பக்கத்து வீட்டு மாமரத்திலிருந்து விழுந்த ஒரு காய்ந்த மாங்கொட்டையையும் போட்டுக்கொண்டாள். நான் எடுக்கவில்லை. இன்றைக்கும் அவள் மேசை டிராயரில் இருக்கிறது.

அவர்கள் தூங்கும்போது பழைய பொம்மைகளைக் குப்பையில் போடாதீர்கள். வீடு மாறும்போது இடம் மிச்சம் பிடிக்க எல்லோரும் செய்வதுதான். கால் உடைந்த அந்தக் குதிரை எங்கே என்று புது வீட்டில் மூன்றாம் நாள் கேட்கும்போது பதில் இருக்காது. கழிக்க வேண்டியதை முன்னாலேயே, குழந்தையோடு உட்கார்ந்து பிரியுங்கள். அங்கன்வாடிக்குக் கொடுக்கலாமா என்று கேட்டால், இரண்டு நாள் யோசித்துவிட்டுத் தானே எடுத்துக் கொடுக்கும்.

இன்னொன்று, அந்துருண்டை. பீரோவைக் காலி செய்யும்போது அது உருண்டு தரையில் கிடக்கும். பார்க்க மிட்டாய் மாதிரியே இருக்கும், தவழும் குழந்தைக்கு விஷம். அந்துருண்டை போட்டு வைத்த துணிகளைத் துவைத்து நன்றாக வெயிலில் காயவைத்த பிறகே கைக்குழந்தைக்கு உடுத்துங்கள். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அந்த வாசனையே ரத்த அணுக்களைச் சிதைக்கக் கூடியது. குறைபாடு இருப்பது பல வீடுகளில் தெரிந்தே இருக்காது.

சாமான் ஏற்றும் நாளன்று குழந்தைகளை எங்கே வைத்திருப்பது?

கைக்குழந்தை அந்த வீட்டில் இருக்கவே கூடாது. அம்மா வீடு, நாத்தனார் வீடு, நம்பிக்கையான பக்கத்து வீடு எதுவானாலும் சரி. கேட் திறந்தே கிடக்கும், குட்டியானை பின்னால் எடுக்கும், லோடுமேன்கள் வாஷிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு வரும்போது காலடியில் குழந்தை நிற்பது அவர்களுக்குத் தெரியாது. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நான்கு பேர் சொல்லும் நாளில் உண்மையில் ஒருவரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். இரண்டாவது முறை மாறியபோது, தண்ணீர் பார்ப்பதற்காக யாரோ சம்ப் மூடியைத் திறந்தவர் அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார். என் மகள் அதன் விளிம்பில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் அப்பா பார்த்தார். அவர் அந்தப் பக்கம் வராமல் இருந்திருந்தால் என்று இன்றும் நினைக்க முடியவில்லை.

விட ஆளில்லை என்றால் ஒரு அறையை முதலிலேயே காலி செய்து, பாய் விரித்து, கதவைச் சாத்தி, ஒரு பெரியவரைக் குழந்தையோடு உள்ளே உட்காரச் சொல்லுங்கள். அந்த ஒருவருக்கு வேறு எந்த வேலையும் சொல்லாதீர்கள். டீ வாங்கி வரக்கூட.

ஆறு வயதுக் குழந்தை இருந்து பார்க்கட்டும். தன் கட்டில் லாரியில் ஏறுவதைப் பார்த்தால்தான் அது தொலைந்துபோகவில்லை என்று நம்பும். பெட்டிகளுக்கு நம்பர் எழுதும் வேலையை எங்கள் பெரியவள் எடுத்துக்கொண்டாள். 37 பெட்டி.

அந்த நான்கைந்து நாள் சாப்பாட்டுக்கு என்ன வழி? கேஸ் எப்போது சரண்டர் செய்வது?

முதலில் கேஸ். ஒரே ஊருக்குள் மாறினால் சிலிண்டரைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை, ஏஜென்சி மாறினால் கனெக்‌ஷனை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டால் போதும். வெளியூர் என்றால் 14.2 கிலோ சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்ப வாங்கி, டெர்மினேஷன் வவுச்சர் பெற வேண்டும். புது ஊர் ஏஜென்சியில் அந்த வவுச்சரைக் கொடுத்து, அன்றைய கணக்குப்படி டெபாசிட் கட்டினால் இணைப்பு கிடைக்கும். அடுப்பும் ட்யூபும் நம்முடையவை, கையோடு போகும். ட்யூப் போட்டு 5 வருடம் ஆகியிருந்தால் இதுதான் மாற்ற வேண்டிய நேரம்.

இரண்டுக்கும் நடுவே கேஸ் இல்லாத நாட்கள் வரும். எங்களுக்கு ஆறு நாள் ஆனது. இண்டக்‌ஷன் அடுப்பு, ஒரு குக்கர், ஒரு பால் பாத்திரம், ஒரு கரண்டி, குழந்தையின் கிண்ணம், தட்டு, டம்ளர் இவ்வளவையும் தனி வாளியில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள். இண்டக்‌ஷன் இல்லாதவர்கள் 5 கிலோ சிலிண்டர் வாங்கலாம், அதற்கு முகவரிச் சான்று கேட்பதில்லை, அடையாளச் சான்று போதும்.

இனி சாப்பாடு. பெரியவர்கள் நாம் நான்கு நாள் ஹோட்டல் பார்சலில் ஓட்டிவிடலாம். குழந்தைக்கு அது ஒத்துக்கொள்ளாது. வயிறு ஒத்துக்கொண்டாலும் மனசு ஒத்துக்கொள்ளாது. சுற்றிலும் எல்லாம் மாறிக்கொண்டிருக்கும்போது வாய்க்குத் தெரிந்த ருசி ஒன்று அதற்கு வேண்டும். எங்கள் சின்னவனுக்கு அது பருப்பு சாதம் நெய். அந்த ஒரு வாரமும் மத்தியானம் பருப்பு சாதம் நெய்தான், ஒருநாள் ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் வைத்துக்கூட. துவரம் பருப்பு அரைக்கிலோ, அரிசி இரண்டு கிலோ, நெய் பாட்டில், மஞ்சள்தூள், உப்பு, பெருங்காயம் எல்லாம் அந்த வாளியிலேயே இருந்தன.

கிளம்புகிற நாள் காலைக்கு எண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவிய இட்லி, குழந்தைக்குச் சர்க்கரை தொட்டுக்கொள்ள. மத்தியானத்துக்குப் புளியோதரை. தயிர் சாதம் கட்டினால் வெயிலில் புளிக்கும். பாலை அதிகமாக விட்டுப் பிசைந்து, தயிர் ஒரு ஸ்பூன் மட்டும் விட்டால் மாலை வரை தாங்கும். கிரைண்டரைக் கடைசி வரை பேக் செய்யாமல் வைத்திருந்து மாவரைத்த தோழிகள் உண்டு. எனக்கு அது சரிப்படவில்லை, கடை மாவு வாங்கிக்கொண்டேன்.

புது வீட்டில் முதல் நாள் பால் விஷயத்தில் கவனமாக இருங்கள். ஃபிரிட்ஜை நிமிர்த்தியே கொண்டுவந்திருந்தாலும் இறக்கிய உடனே போடக் கூடாது, சில மணி நேரம் விட வேண்டும். அதனால் ஒரு லிட்டராக வாங்காமல், ஆவின் அரை லிட்டர் பாக்கெட்டாக வேளைக்கு ஒன்று வாங்கிக் காய்ச்சுங்கள்.

பால் காய்ச்சும்போது குழந்தைகள் தொந்தரவாக இருக்காதா?

குழந்தைகளுக்காகவே பால் காய்ச்சுவதை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வேன். ஒரே ஊர் என்றால் சாமான் வருவதற்கு நான்கைந்து நாள் முன்னாலேயே ஒரு நல்ல நாளில் செய்துவிடலாம். சாமி படம், குத்துவிளக்கு, நிறைகுடம், கல் உப்பு, மஞ்சள், அரிசி, பருப்பு. வெறும் வீட்டைக் குழந்தை அன்றைக்கு முதல்முதலாகப் பார்க்கும். காலி அறையில் கத்தினால் எதிரொலிக்கும், ஓடலாம், வழுக்கலாம். கையில் சர்க்கரை போட்ட பால் டம்ளர் வேறு. சாமான் வந்து இறங்கும் நாளில் அது தெரியாத வீடாக இருக்காது.

பிரம்ம முகூர்த்தம் என்று 4 மணிக்கு எழுப்பினால் அழும், உண்மைதான். எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு 7 மணிக்கு மேல் நல்ல நேரம் பார்த்துக்கொண்டோம். உப்பு ஜாடியை யார் தூக்குவது என்று சண்டை வந்தது. பெரியவள் உப்பு, சின்னவன் மஞ்சள் கிழங்கு. "இந்த வீட்டுக்கு முதல்ல உள்ள வந்தது நான்தான்" என்று அவள் இன்னமும் சொல்கிறாள்.

வெளியூர் என்றால் லாரியோடு போவதா, ரயிலிலா?

குழந்தைகளோடு ரயில்தான். 5 வயது நிரம்பாத குழந்தைக்குத் தனி பெர்த் வேண்டாம் என்றால் டிக்கெட் கிடையாது. 5 முதல் 12 வயதுக்குள் என்றால், தனி பெர்த் கேட்டால் முழுக் கட்டணம், பெர்த் இல்லாமல் அரைக் கட்டணம். பெரியவளுக்குத் தனி பெர்த் எடுத்தோம், அந்தப் பணம் வீணில்லை. கணவர் மறுநாள் காலை லாரியை இறக்கப் புது வீட்டில் இருந்தார், நான் என் அம்மாவோடு குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு சாயங்காலம் போய்ச் சேர்ந்தேன். கட்டில் போட்டு, கொசுவலை கட்டிய அறை ஒன்று தயாராக இருந்தது. மற்றதெல்லாம் பெட்டியாகவே கிடந்தன.

தூளியில் தூங்கிப் பழகிய குழந்தை. புது வீட்டில் கொக்கி இல்லையே?

வீடு பார்க்கும்போது தண்ணீர், வெளிச்சம், கார் பார்க்கிங் எல்லாம் பார்ப்போம், தலையைத் தூக்கிக் கூரையைப் பார்க்க மாட்டோம். பழைய வீடுகளில் ஹாலிலோ படுக்கையறையிலோ தொட்டில் கொக்கி ஒன்று தளத்தோடு சேர்த்துப் போட்டிருப்பார்கள். புது அடுக்குமாடிகளில் பல இடங்களில் ஃபேன் கொக்கி மட்டும்தான். ஃபேன் ஓடும் கொக்கியில் தூளியைக் கட்டவே கூடாது.

கொக்கி இல்லை என்றால் இரண்டு வழி. ஹவுஸ் ஓனரிடம் கேட்டு, தளத்தில் டிரில் போட்டு ஆங்கர் போல்ட்டோடு கொக்கி மாட்டச் சொல்லலாம். ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்கில் மாட்டினால் தாங்காது, கான்கிரீட்டில்தான் இறங்க வேண்டும். நாங்கள் அப்படித்தான் மாட்டினோம். குழந்தையைப் போடுவதற்கு முன்னால் 25 கிலோ அரிசி மூட்டையை அரை நாள் தொங்கவிட்டு, ஆட்டியும் பார்த்தோம். இரண்டாவது வழி இரும்பு ஸ்டாண்டு. வாடகைக்குக்கூடக் கிடைக்கும். ஸ்பிரிங் போடுபவர்கள் அதற்குள் ஒரு கயிறும் ஓட வேண்டும் என்பதைப் பாருங்கள். ஸ்பிரிங் விட்டுப்போனாலும் கயிறு தாங்கும்.

சேலையை மட்டும் மாற்றாதீர்கள். புது வீட்டுக்குப் போகிறோம் என்று தோய்த்து, மடித்து, புது வாசனையோடு கட்டாதீர்கள். என் அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை ஒன்று, சின்னவன் பிறந்ததிலிருந்து அதில்தான். அதை மூட்டையில் போடாமல் என் தோள் பையில் வைத்திருந்தேன். முதல் இரவு அதைக் கட்டி உள்ளே போட்டதும் துணியை முகத்தோடு இழுத்துக்கொண்டு இருபது நிமிடத்தில் தூங்கிவிட்டான். நான் தூங்க மூன்று மணி ஆனது.

புது வீட்டுக்கு வந்ததிலிருந்து ராத்திரி அழுகிறது, பாத்ரூம் பழகிய குழந்தை மறுபடி படுக்கையை நனைக்கிறது. ஏதாவது பிரச்சினையா?

பெரும்பாலும் இல்லை. இடம் மாறினால் குழந்தைகள் கற்றுக்கொண்டதில் ஒன்றிரண்டை விட்டுவிடும். படுக்கையை நனைக்கும், விரல் சூப்பும், அம்மா குளிக்கப் போனாலும் கதவைத் தட்டும். திட்டாதீர்கள், அந்தக் குழந்தையின் முன்னாலேயே அடுத்தவரிடம் சொல்லவும் செய்யாதீர்கள். ரப்பர் ஷீட் போட்டு, தூங்குமுன் ஒருமுறை கூட்டிப் போய், பாத்ரூம் லைட்டை இரவு முழுக்க எரிய விடுங்கள். புது வீட்டில் இருட்டில் பாத்ரூம் எந்தப் பக்கம் என்பதே அதற்குத் தெரியாது. பல நேரம் காரணம் இவ்வளவுதான். சில வாரத்தில் சரியாகும். சிறுநீர் போகும்போது எரிச்சல், காய்ச்சல், எடை குறைவது, எப்போதும் தாகம் என்று இருந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.

படுக்கும் நேரத்தை மாற்றாதீர்கள். பெட்டி பிரிக்கும் வேலை 11 மணி வரை நடக்கும், குழந்தையும் கூடவே விழித்திருக்கும். எட்டரைக்குப் படுக்கும் குழந்தை என்றால் எட்டேகாலுக்கு நீங்களும் போய்ப் படுங்கள், அதே கதை, அதே பாட்டு. பெட்டி நாளைக்கும் இருக்கும்.

"பழைய வீட்டுக்குப் போகலாம்" என்று அழுதால், "இதுதான் நம்ம வீடு, இங்க எவ்ளோ நல்லா இருக்கு பாரு" என்று வாதாட வேண்டாம். நானும் அப்படிச் செய்தேன், அழுகைதான் கூடியது. "அந்த வீடு உனக்குப் பிடிக்கும்ல, எனக்கும் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டுத் தூக்கி வைத்துக்கொண்டபோதுதான் அடங்கியது.

புது வீட்டில் பாதுகாப்புக்கு முதலில் எதைப் பார்ப்பது?

தரையில் உட்கார்ந்து, குழந்தையின் உயரத்தில் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். கைக்கு எட்டும் பிளக் பாயிண்ட்டுகள், பால்கனிக் கம்பிகளுக்கு இடையே தலை நுழையும் இடைவெளி, ஜன்னலுக்குக் கீழே நாம் வைத்துவிட்ட பெட்டி, உள்ளே தாழ்ப்பாள் விழும் பாத்ரூம் கதவு. தாழ்ப்பாளை அன்றைக்கே மேலே ஏற்றிப் போடச் சொல்லுங்கள். மெயின் போர்டில் மின்கசிவைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டு, டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

தண்ணீர்தான் பெரிய பயம். தண்ணீர் வரும் நேரம் தெரியாததால் புது வீட்டில் முதல் வாரம் வாளி, அண்டா, டிரம் எல்லாவற்றிலும் பிடித்து வைப்போம். தலைகீழாக விழுந்தால் அரை வாளித் தண்ணீர் போதும் ஒரு குழந்தைக்கு. சத்தமும் வராது. மூடி இல்லாத எதிலும் தண்ணீர் நிற்க வேண்டாம், பாத்ரூம் கதவு எப்போதும் சாத்தியே இருக்கட்டும். சம்ப் மூடிக்குப் பூட்டு.

குடிக்கும் தண்ணீர் எந்தக் குழாயில் வருகிறது என்பதைக் குழந்தைக்கும் காட்டுங்கள். கோவையில் நல்ல தண்ணி, உப்புத் தண்ணி என்று இரண்டு குழாய். சிறுவாணித் தண்ணீரின் ருசியைக் கேள்விப்பட்டு வந்த என் மகள், வாஷ்பேசினில் உப்புத் தண்ணியைப் பிடித்துக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். முதல் மாதம் காய்ச்சி ஆறவைத்துத்தான் கொடுத்தேன். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நான்கு கைவசம் இருக்கட்டும். பக்கத்து ஆஸ்பத்திரிக்கு இரவில் எந்த வழியாகப் போவது என்பதைப் பகலிலேயே ஒருமுறை போய்ப் பார்த்து வையுங்கள். 108 கூப்பிட்டால் சொல்வதற்குப் புது முகவரியையும் பக்கத்தில் உள்ள அடையாளத்தையும் சுவரில் எழுதி ஒட்டுங்கள், பதற்றத்தில் பழைய முகவரிதான் வாயில் வரும்.

பள்ளியில் டி.சி. தாமதமானால்?

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம் பிரிவில் இதைத் தெளிவாகச் சொல்கிறது. எட்டாம் வகுப்பு வரை, தலைமையாசிரியர் மாற்றுச் சான்றிதழை உடனே தர வேண்டும். அது தாமதமாகிறது என்பதற்காக அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் சேர்ப்பதைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. பழைய பள்ளியில், பள்ளிக்கல்வித் துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுக்கும் எமிஸ் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், புதுப் பள்ளியில் கேட்பார்கள். பாக்கிப் பணம் இருந்தால் மார்ச்சிலேயே பேசித் தீர்ப்பது நல்லது.

தடுப்பூசி அட்டை பழைய ஊருடையது. புது ஊரில் போடுவார்களா?

எந்த அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகப் போடுவார்கள். தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். வீடு மாறும் அலைச்சலில் பிறந்த குழந்தையின் ஊசியை யாரும் மறப்பதில்லை, தவறிப்போவது அடுத்தது. 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டிய தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணையும் டி.பி.டி. பூஸ்டரும், பிறகு 5 வயதுக்கு மேல் ஒரு டி.பி.டி. பூஸ்டரும். எங்கள் சின்னவனுக்கே நாள் தள்ளிப்போனது. அட்டையை இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுவரெல்லாம் கிறுக்கல். அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பார்கள்?

பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை என்று பிடிப்பது வழக்கமாகிவிட்டது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின் பட்டியலில், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதும் வீட்டுக்காரர் பொறுப்பு. அட்வான்ஸும், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. அதனால் அக்ரிமென்ட்டைக் கையெழுத்துப் போடுமுன் அந்த வரியைப் படியுங்கள், குழந்தை இருக்கிறது என்பதையும் முன்னாலேயே பேசுங்கள். கிரேயானை ஈரத்துணியில் கொஞ்சம் பேக்கிங் சோடா தொட்டுத் தேய்த்தால் முக்கால்வாசி போகும். துடைப்பதற்கு முன் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்தேன். புது வீட்டில் அவர்கள் உயரத்துக்குச் சார்ட் பேப்பர் ஒட்டிவிட்டோம்.

முகவரி மாற்ற வேண்டியவை?

ஆதார், ரேஷன் அட்டை, வங்கி. 5 வயது தாண்டிய குழந்தையின் ஆதாருக்குக் கைரேகை, கண் பதிவு புதுப்பிக்க வேண்டும். முகவரி மாற்றப் போகும்போது அதையும் சேர்த்து முடித்துவிடுங்கள். குடி போகும் நாளில் ஈ.பி. மீட்டரைப் போட்டோ எடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு என்பதால், நடுவில் குடி வந்தால் பழையவர் ஓட்டிய யூனிட்டும் நம் தலையில் விழும்.

பழைய வீட்டுத் தோழியையும் பக்கத்து வீட்டுப் பாட்டியையும் கேட்டு அழுகிறது. ஒருமுறை கூட்டிப் போய்க் காட்டலாமா?

காட்டலாம், ஆனால் முதல் மாதத்திலேயே வேண்டாம். அதுவரை வீடியோ கால் போதும். எதிர் வீட்டுப் பாட்டி பிள்ளைகளுக்குத் தினமும் மாலையில் முறுக்கோ கடலை மிட்டாயோ கொடுப்பார். கோவை வந்த பிறகு அதே ஐந்து மணிக்குப் போனில் வருவார், "சாப்ட்டியா கண்ணு" என்பார், சின்னவன் போனுக்கு முன்னால் கையை நீட்டுவான். அதைப் பார்த்து நான் முறுக்கு டப்பாவை ஐந்து மணிக்கு எடுத்து வைக்கப் பழகிக்கொண்டேன்.

தீபாவளிக்குச் சென்னை போனபோது கூட்டிப் போனோம். பாட்டி வீட்டுக்குத்தான் போகிறோம், நம் பழைய வீட்டில் இப்போது வேறு ஒரு பாப்பா இருக்கிறது என்று ரயிலிலேயே சொல்லிவிட்டேன். பெரியவள் எதிர்ப்பக்கம் நின்று கொஞ்ச நேரம் அந்த வாசலைப் பார்த்தாள். "அவங்க கோலம் பெருசாப் போடுறாங்க" என்றாள். அப்புறம் பாட்டி கூப்பிட, உள்ளே ஓடிவிட்டாள்.